நேபாளத்துல வீடு இடிஞ்சுபோன எங்க மாஸ்டருக்கு எதை அனுப்பறது?

பாப்புலியூர் கடைக்காரன்
நவம்பர் 8, 2023, இரவு 11.50

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல ஸ்டேஷன் போற வழியில சின்னதா ஒரு பாஸ்ட்புட் கடை வச்சிருக்கேன். நாலு வருஷமா எங்க கடையில நூடுல்ஸ், பிரைடு ரைஸ் போடற மாஸ்டர் ஒரு நேபாளத்துப் பையன். பையன்னு பழக்கத்துல சொல்றேன், முப்பத்திரண்டு வயசு, ரெண்டு பிள்ளைங்களுக்கு அப்பன். ஊரு ஜாஜர்கோட் மாவட்டம், நல்காட் பக்கம் மலைமேல ஒரு கிராமம்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி அங்க பூமி ஆடினது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சனிக்கிழமை காலையில நான் கடையைத் திறக்க வந்தா, அடுப்படிப் படியில போனைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். வெங்காயம் உரிக்கல, அடுப்பு பத்தவைக்கல. "சேட்டு, கர் கயா"ன்னான். வீடு போச்சாம். பெஞ்சாதியும் பிள்ளைங்களும் நெல் அறுப்புக் காவலுக்கு வயல் குடிசையில படுத்திருந்ததால தப்பிச்சுட்டாங்க. வீட்டுக்குள்ள படுத்திருந்த அம்மாவுக்குக் கால் முறிஞ்சு நேபாள்கஞ்ச் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்க. பெரியப்பா போயிட்டார்.

கடைக்கு வர்றவங்க கேட்டுட்டு ஆளாளுக்குக் குடுத்தாங்க. ரொக்கம் 38,500 சேர்ந்திருக்கு. புடவை, சட்டை எல்லாம் நாலு கோணி, போர்வை பதினாலு, அரிசி ஒரு சிப்பம். எல்லாம் பரண்மேல இருக்குது. பார்சல் ஆபீஸ்ல கேட்டா நேபாளத்துக்கு எடுக்க மாட்டோம்கறாங்க.

என் கேள்வி இதுதான். இதையெல்லாம் எப்படி அனுப்பறது? அவன் ஊருக்குப் போகணும்கறான். ஞாயித்துக்கிழமை தீபாவளி, எனக்கு வேற ஆள் இல்ல. தீபாவளி முடிச்சுட்டு அனுப்பலாமான்னு யோசிக்கிறேன். இங்கேயே இருந்து சம்பாரிச்சு அனுப்பினா வீட்டுக்கு இன்னும் உதவியாத்தானே இருக்கும்? இன்னொண்ணு, டிவியில 6.4ங்கறான், இன்னொருத்தன் 5.7ங்கறான். இதுக்கே நூத்தம்பது பேருக்கு மேல செத்துட்டாங்களா?

---

தேவனாம்பட்டினத்தான்
நவம்பர் 9, காலை 6.15

துணியை அனுப்பாதே தலைவா. அவ்ளோதான் சொல்வேன்.

சுனாமி வந்தப்ப எனக்குப் பதினாறு வயசு. லாரி லாரியா பழைய துணி வந்து ரோட்டோரம் கொட்டினாங்க. மழை பேஞ்சு நனைஞ்சு நாறிக் கிடந்துது, மாடு மேல படுத்துக்கிட்டு இருந்துது. கோட்டு, ஸ்வெட்டர், ஒத்தைச் செருப்பு. மீன் பிடிக்கிறவன் கோட்டு போட்டுக்கிட்டு எங்க போவான்? எங்க ஆத்தா ஒரு பொடவையைக் கூடத் தொடல. "நான் இன்னும் பிச்சைக்காரி ஆவல"ன்னுச்சு. குடுத்தவங்க மனசு நல்ல மனசுதான், இல்லேங்கல. ஆனா அதைப் பிரிச்சு அள்ளிக் கொளுத்தறதுக்கே தனியா ஆள் போட வேண்டியதாப் போச்சு.

---

மஞ்சக்குப்பம் பழைய சைட் இன்ஜினியர்
நவம்பர் 9, காலை 9.30

கடைக்காரரே, தேவனாம்பட்டினம் தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. மீதியை நான் சொல்றேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

சுனாமிக்கு அப்புறம் நம்ம கடலோரத்துல வீடு கட்டற வேலையில மூணு வருஷம் இருந்தவன் நான். அந்தப் பழக்கத்துல, 2015 நேபாள நடுக்கத்துக்கு அப்புறம் ஒரு தொண்டு நிறுவனம் கூப்பிட்டு, கோர்க்கா மாவட்டத்துல ஒண்ணரை வருஷம் இருந்தேன். இப்ப பேரனைப் பள்ளிக்கூடத்துல விட்டுக் கூட்டிட்டு வர்ற உத்தியோகம்.

எண் விஷயத்தை முதல்ல முடிச்சுடலாம். 6.4 நேபாளத்துக்காரங்க அளவு, 5.7 அமெரிக்கக்காரங்க அளவு. ஆடினது ஒரே ஆட்டம்தான், தராசு வேற வேற. அதை வச்சு மண்டையை உடைச்சுக்காதீங்க. மணியைப் பாருங்க. 2015 ஏப்ரல் 25 நடுக்கம் 7.8, இதைவிடப் பல மடங்கு பெரிசு. செத்தவங்க ஒன்பதாயிரம் பேர் கிட்ட. ஆனா அது சனிக்கிழமை பகல் 11.56க்கு வந்துது. அங்க சனிக்கிழமைதான் வார லீவு. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க இல்ல, மலைக் கிராமத்துல பாதி ஜனம் வயல்ல. நான் வேலை செஞ்ச ஊர்ல பள்ளிக்கூடக் கட்டடம் தரையோட தரையாக் கிடந்துது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வாத்தியார் "சனிபார், சனிபார்"னு கையெடுத்துக் கும்பிடுவார். இப்ப ஜாஜர்கோட்ல ராத்திரி 11.47. குளிருக்குக் கதவைச் சாத்திட்டு எல்லாரும் உள்ள தூங்கிக்கிட்டிருக்காங்க, தலைக்கு மேல கல்லும் மண்ணும். உங்க மாஸ்டர் பெஞ்சாதி வயல்ல படுத்திருந்ததுதான் அவங்க உசிரு.

இப்ப உங்க தீபாவளிக் கணக்குக்கு வர்றேன். கோவிச்சுக்காதீங்க, அந்தக் கணக்கு தப்பு. அவனை இன்னிக்கே அனுப்புங்க. இந்த விஷயத்துல அனுப்ப வேண்டிய முதல் பார்சல் அவன்தான்.

ஏன்னா, அந்த மலையில எல்லா வீட்டு ஆம்பளையும் உங்க மாஸ்டர் மாதிரிதான். ஒருத்தன் கடலூர்ல, ஒருத்தன் கத்தார்ல, ஒருத்தன் மலேசியாவுல. ஊர்ல இருக்கறது கெழவன் கெழவி, பொம்பளைங்க, பிள்ளைங்க. நான் இருந்த ஊர்ல ஒரு பாட்டிக்குத் தகரம் ஒரு கட்டு குடுத்தாங்க. குடுத்தது லாரி வந்து நிக்கற இடத்துல. அங்கேர்ந்து ஊருக்கு ஏத்தம் நாலு மணி நேரம். மூணு வாரம் அந்தத் தகரம் ரோட்டோரமே கிடந்துது, தூக்க ஆளில்ல. மழை வேற ஆரம்பிச்சுடுச்சு. பாட்டி தினமும் இறங்கி வந்து தகரம் இருக்குதான்னு பார்த்துட்டு ஏறிப் போகும். மகன் வெளிநாட்டுலேர்ந்து மாசாமாசம் பணம் தவறாம அனுப்பினான். பணம் தகரத்தைச் சுமக்குமா? கடைசியில பக்கத்து ஊர்ப் பொண்ணுங்க நாலு பேர் தலையில பட்டை கட்டி முதுகுல ஏத்திக்கிட்டுப் போனாங்க. நாம்லோன்னு சொல்வாங்க அந்தப் பட்டையை. கனமெல்லாம் நெத்தியில.

ரெண்டாவது காரணம் லிஸ்ட். நடுக்கம் முடிஞ்ச உடனே ஆபீஸ்காரங்க வந்து இடிஞ்ச வீட்டுக்குப் பேர் எழுதுவாங்க. நம்ம ஊர்ல வெள்ளத்துக்கு ரேஷன் கார்டு பார்க்கற மாதிரி, அங்க குடியுரிமைச் சீட்டு பார்ப்பாங்க. நாகரிகதான்னு பேரு. நெலத்துக்கு லால்புர்ஜான்னு ஒரு பத்திரம். ரெண்டும் இப்ப இடிபாட்டுக்குள்ள கிடக்கும். வீட்டுக்காரன் நேர்ல நின்னு அதைத் தோண்டி எடுத்து, பேரைச் சேர்த்து, போட்டோவுக்கு நிக்கணும். 2015ல பத்திரம் இல்லாம, ஆள் ஊர்ல இல்லாம, லிஸ்ட்ல விட்டுப்போய் வருஷக்கணக்கா அலைஞ்சவங்களை நானே பார்த்திருக்கேன். நீங்க ஒரு மாசச் சம்பளத்தைக் கையில குடுத்து அனுப்பறது, அவன் இங்க ஆறு மாசம் உழைச்சு அனுப்பறதைவிடப் பெரிசு. திரும்பி வந்தா வேலை இருக்குன்னு சொல்லி அனுப்புங்க. அதுவும் முக்கியம்.

அப்புறம் ரொக்கம். 38,500ஐ ஐந்நூறு ரூபா நோட்டாக் கட்டிக் குடுத்துடாதீங்க! இப்ப, 2023ல, நம்ம நூறு ரூபாவுக்கு மேல உள்ள நோட்டு அங்க செல்லாது, 2018லேர்ந்து தடை. எல்லையில மாட்டினா வம்பு. வழிச்செலவுக்கு மட்டும் நூறும் ஐம்பதுமாக் குடுங்க. மீதியை பேங்க் வழியாப் போடுங்க. இந்தியா-நேபாளம் பணம் அனுப்பறதுக்குன்னே ஒரு திட்டம் 2008லேர்ந்து இருக்குது. ஒரு தடவைக்கு ரெண்டு லட்சம் வரைக்கும்னு 2021ல ஏத்தினாங்க. அங்க அக்கவுண்ட் இல்லாதவங்களும் ஏஜென்ட்கிட்ட பணமா வாங்கிக்கலாம். மேனேஜரே தெரியாதுன்னு சொன்னாலும் விடாதீங்க, கம்ப்யூட்டர்ல பார்க்கச் சொல்லுங்க. நம்ம நூறு அங்க 160. அதுல மாற்றமே கிடையாது, அதனால எவனாவது 150தான்னு சொன்னா ஏமாத்தறான்னு அர்த்தம்.

வழி அவனுக்குத் தெரியும், இருந்தாலும் நீங்க தெரிஞ்சுக்குங்க. சென்னையிலேர்ந்து லக்னோ ரயில். அங்கேர்ந்து பஸ்ல ருபைடிஹா. எல்லையைத் தாண்டினா நேபாள்கஞ்ச். அம்மாவை ஆஸ்பத்திரியில பார்த்துட்டு, சுர்க்கேத் வழியா ஜாஜர்கோட். அதுக்கு மேல ஜீப் போற வரைக்கும் ஜீப், அப்புறம் கால். நாலு நாளாவது ஆகும். நீங்க தீபாவளி முடிச்சு அனுப்பினா பதினெட்டாம் தேதிதான் வீட்டைப் பார்ப்பான்.

போர்வை பதினாலையும் இங்கயே யாருக்காவது குடுங்க. நம்ம ஊர்ப் போர்வை அந்தக் குளிருக்கு வேட்டி மாதிரி. நேபாள்கஞ்ச்லயே பஞ்சு வச்ச ரஜாய் கிடைக்கும். அதோட, கடையில சாமான் வாங்கினா அங்க இருக்கற கடைக்காரனும் பொழைப்பான். அரிசியை சாம்பார் சாதத்துக்குப் போடுங்க. பையில வைக்கறதுன்னா, கல் பொறுக்கக் கனமான கையுறை ரெண்டு ஜோடி, நெத்தியில மாட்டற டார்ச், பவர் பேங்க், அம்மாவுக்கு மருந்து. முகக்கவசம் வீட்டுல மிச்சம் கிடக்குமே, அதையும் போடுங்க. இடிஞ்ச மண்சுவர்த் தூசி நெஞ்சுக்குள்ள இறங்கினா லேசுல போகாது.

ஒண்ணு மட்டும் அவன்கிட்ட அழுத்திச் சொல்லுங்க. பாதி நிக்கற வீட்டுக்குள்ள தானியம் எடுக்கத் தனியாப் போகக்கூடாது. திங்கட்கிழமைகூட மறுபடி பலமா ஆடியிருக்கு. 2015ல மே 12 அன்னிக்கு 7.3ல இன்னொண்ணு வந்துது, பதினேழு நாள் கழிச்சு. முதல் ஆட்டத்துல விரிசல் விட்டு நின்ன வீடெல்லாம் அதுல விழுந்துது.

---

பாப்புலியூர் கடைக்காரன்
நவம்பர் 9, மதியம் 3.40

சார், உங்க பதிலைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துட்டேன். அவனைக் கூப்பிட்டு எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இந்தியில சொன்னேன். லால்புர்ஜான்னதும் தலையில அடிச்சுக்கிட்டான். அம்மா தகரப் பெட்டியில வச்சிருக்காங்களாம், பெட்டி மாடி அறையில இருந்துதாம். நாளைக்கு ராத்திரிக்குத் தட்கால்ல சீட் கிடைச்சிருக்கு. தீபாவளிக்கு நானே கரண்டி பிடிக்கிறேன், வர்றது வரட்டும்.

அவன் ஒண்ணு கேக்கச் சொன்னான். இனிமே கல்லும் மண்ணும் வேண்டவே வேண்டாம், நம்ம ஊர்ல கட்டற மாதிரி பில்லர் போட்டு சிமெண்ட் வீடுதான் கட்டணும்கறான். எவ்வளவு ஆகும்?

---

முத்தியால்பேட்டை
நவம்பர் 9, மாலை 5.05

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். புதுச்சேரியிலயும் ஆடிச்சே, ஞாபகம் இருக்கா? 2001 செப்டம்பர் 25, ராத்திரி எட்டரை மணி வாக்குல. நம்ம கடலுக்கு அடியிலதான் மையம், 5.5. அலமாரியில பாத்திரமெல்லாம் கிலுகிலுன்னு பேசிக்கிச்சு. தெருவே வாசல்ல வந்து நின்னுது. எங்க மாமனார் மட்டும் சாப்பாட்டை விட்டு எழுந்திரிக்க மாட்டேன்னுட்டார். சார், எங்க வீடு அம்பது வருஷப் பழசு. நாங்க ஏதாவது பார்க்கணுமா?

---

மஞ்சக்குப்பம் பழைய சைட் இன்ஜினியர்
நவம்பர் 9, இரவு 9.20

முத்தியால்பேட்டை அம்மா (ஐயாவா தெரியல), உங்க கொத்தனாரைக் கூட்டி வந்து ஒண்ணே ஒண்ணு கேளுங்க. லிண்டல்னு போடற கான்கிரீட் பட்டை, ஜன்னல் தலைக்கு மேல மட்டும் துண்டு துண்டா நிக்குதா, இல்ல எல்லாச் சுவரையும் சுத்திக்கிட்டு ஓடுதான்னு. கீழே அதைப் பத்தித்தான் எழுதறேன், உங்களுக்கும் ஆகும்.

கடைக்காரரே, மாஸ்டர் கேட்டதையே கோர்க்காவுல எல்லாரும் கேட்டாங்க. கல்லு கொன்னுடுச்சு, சிமெண்ட் காப்பாத்தும்னு. பயந்தவங்க அப்படித்தான் நினைப்பாங்க. ஆனா லாரி போகாத ஊர்ல சிமெண்ட் வீடுன்னா என்னன்னு யோசியுங்க. சிமெண்ட், கம்பி மட்டுமில்ல, மணலும் ஆத்துலேர்ந்து மேல ஏறணும். எல்லாம் கோவேறு கழுதை முதுகுல, இல்ல மனுஷன் முதுகுல. அடிவாரத்துல வாங்கின விலையும் வீட்டு வாசல்ல வந்து சேர்ற விலையும் ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தமே இருக்காது. அதனால மூட்டையை மிச்சம் பிடிப்பாங்க, மண் கலந்த மணலைப் போடுவாங்க, கான்கிரீட்டை நனைச்சு இறுக வைக்கற கியூரிங்குக்குத் தண்ணி இருக்காது. நடுக்கத்துக்கு அப்புறம் பல ஊர்ல ஊத்துக்கண்ணே வத்திப்போச்சு, குடிக்கவே ஒரு மணி நேரம் நடக்கணும். இந்த லட்சணத்துல நிக்கற பில்லர் வீடு, மண் வீட்டைவிட மோசமா விழும்.

அந்தக் கல்வீடு ஏன் விழுந்துதுன்னு நான் பார்த்ததைச் சொல்றேன். சுவர் ரெண்டடி கனம் இருக்கும், பார்த்தா கோட்டை மாதிரி. உடைச்சுப் பார்த்தா உள்ள ஒண்ணுமில்ல. வெளிப்பக்கம் ஒரு வரிசைக் கல்லு, உள்பக்கம் ஒரு வரிசைக் கல்லு, நடுவுல சின்னக் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பினது. ஆடும்போது ரெண்டு வரிசையும் ஆளுக்கொரு பக்கம் போகும். சுவர் வயிறு தள்ளி வெடிச்சு விழும். மூலையில சுவரும் சுவரும் ஒண்ணையொண்ணு கடிச்சுப் பிடிச்சிருக்காது. முதல்ல விழறது கூரைக்குக் கீழ ரெண்டு பக்கமும் முக்கோணமா ஏத்தின சுவர், அது தூங்கறவன் மேலதான் விழும். அதுக்கு மேல கனமான கூரை.

இதுக்கு வைத்தியமும் அங்கேயே இருக்கு. சுவர்ல ரெண்டடிக்கு ரெண்டடி, உள்ளேயும் வெளியேயும் எட்டற நீளக்கல்லைக் குறுக்கே போட்டுக்கிட்டே வரணும். அடித்தளம், ஜன்னல் அடி, ஜன்னல் தலை, கூரை மட்டம்னு வீட்டைச் சுத்திப் பட்டை ஓடணும். அந்தப் பட்டை கம்பி போட்ட கான்கிரீட்டாவும் இருக்கலாம், மரமாவும் இருக்கலாம். பீப்பாய்க்கு இரும்புப் பட்டை போடற மாதிரிதான். முக்கோணச் சுவரைக் கல்லால ஏத்தாம தகரத்தாலயோ பலகையாலயோ அடைச்சுடணும். ஜன்னல் சின்னதா, மூலையிலேர்ந்து தள்ளி இருக்கணும். உயரம் அடக்கமா, மேல தகரக் கூரை. 2015க்கு அப்புறம் நேபாள அரசாங்கமே இந்த மாதிரிக் கல்மண் வீட்டுக்கும் பணம் குடுத்துது. அவங்க ரூபாயில மூணு லட்சம், மூணு தவணை: 50,000, ஒண்ணரை லட்சம், ஒரு லட்சம். ஒவ்வொரு தவணைக்கும் இன்ஜினியர் வந்து பட்டை இருக்கான்னு பார்த்துக் கையெழுத்துப் போடணும். அந்தக் கையெழுத்துப் போட்ட ஆளுங்களுக்கு உதவியாத்தான் நான் மலை ஏறி ஏறி முட்டியைத் தொலைச்சேன்.

எல்லாம் ஒழுங்கா நடந்துதான்னு கேட்டா, இல்ல. மூணு லட்சம் பத்தாது. தவணை வாங்கறதுக்காகவே ஒத்தை அறையாக் கட்டி, அதுல விறகையும் கோழியையும் வச்சுட்டு, பழைய விரிசல் வீட்டுலயே போய்ப் படுத்தவங்க எத்தனையோ பேர். சமைக்க, மக்காச்சோளம் காயவைக்க, ஆட்டைக் கட்ட ஒத்தை அறை எப்படிப் போதும்? நம்ம சுனாமிக் குடியிருப்புல வலை வைக்க இடம் விடாம கட்டினோமே, அதே தப்புதான். லாப்ராக்னு ஒரு ஊர், சரிவே வெடிச்சிருக்குன்னு மேல குப்சிபாக்காவுக்கு மாத்தினாங்க. வரிசை வரிசையா அழகான வீடு. ஆனா காத்தும் குளிரும் ஆளைத் தூக்கும், வயலோ கீழ. ஜனங்க பழைய ஊருக்கே இறங்கி ஏறிக்கிட்டிருந்தாங்க. கடலை விட்டுத் தள்ளிப் போன்னு சொன்னப்ப நம்ம ஆளுங்க முகம் எப்படி இருந்துதோ, அதே முகம்.

அதனால மாஸ்டர்கிட்டச் சொல்லுங்க, இப்ப வீடு கட்டற பேச்சே வேண்டாம். வர்றது குளிர். இந்த 38,500க்குத் தகரமும் ரஜாயும் வாங்கி, விழுந்த வீட்டு மரத்தையே சட்டமா வச்சு ஒரு கொட்டகை. தகரம் ராத்திரியில குளிர்ந்து உள்பக்கம் தண்ணியாச் சொட்டும், அதனால உள்ள வைக்கோலோ மூங்கில் தட்டியோ கட்டணும். கல்லையெல்லாம் பெரிசு சின்னது பிரிச்சு அடுக்கி வைக்கட்டும், நாளைக்கு அதுதான் வீடு. வீட்டுக்கு மேல சரிவுல ஏறிப் பார்க்கச் சொல்லுங்க. வெடிப்பு இருந்தா மழைக்கு முன்னாடி களிமண்ணை இடிச்சு அடைக்கணும், தண்ணி உள்ள போனா சரிவே இறங்கும். ஒரு மழைக்காலம் போகட்டும், மலை என்ன பண்ணுதுன்னு பார்த்துட்டுத்தான் அஸ்திவாரம். அந்த மேற்குப் பக்கத்துல 1505க்கு அப்புறம் மகா நடுக்கம்னு ஒண்ணு வரல. நம்ம இந்தியா இருக்கற நெலம் வருஷத்துக்கு ரெண்டு சென்டிமீட்டர் கணக்குல அந்த மலைக்கு அடியில நுழைஞ்சுக்கிட்டே இருக்கு. ஐந்நூறு வருஷ பாக்கி. இப்ப வந்தது வட்டியில கொஞ்சம்கூட இல்ல. பட்டை இல்லாம கட்டாதேன்னு நான் தலையில அடிச்சுக்கறது அதுக்குத்தான்.

---

தேவனாம்பட்டினத்தான்
நவம்பர் 9, இரவு 10.02

சார், வலை வைக்க இடம் விடலன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களே. எங்கப்பா இருந்திருந்தா உங்களுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்திருப்பார்.

---

பாப்புலியூர் கடைக்காரன்
நவம்பர் 16, இரவு 11.30

அண்ணே, தம்பி, எல்லாருக்கும் ஒரு தகவல். மாஸ்டர் ஊர் போய்ச் சேர்ந்துட்டான். அம்மாவுக்குக் காலுக்கு பிளேட் வச்சிருக்காங்க, ஆஸ்பத்திரியில தங்கச்சி கூட இருக்குது. தகரப் பெட்டி நசுங்கிப்போய்க் கிடைச்சுது. உள்ள ரெண்டு காகிதமும் பத்திரமா இருக்குதாம், ஓரம் மட்டும் எலி கடிச்சிருக்கு, அது நடுக்கத்துக்கு முன்னாடியே கடிச்சதுன்னு சிரிக்கிறான். பேர் எழுதிட்டாங்க.

பணம் அனுப்ப ரெண்டு பேங்க் ஏறி இறங்கினேன். முதல் இடத்துல நேபாளம்னா பாஸ்போர்ட் வேணும்னு சொல்லிட்டாங்க. ரெண்டாவது இடத்துல ஒரு பொண்ணு பொறுமையா எடுத்துப் பார்த்துப் போட்டுக் குடுத்துது.

தீபாவளிக்கு நான் போட்ட நூடுல்ஸைப் பத்திப் பேச வேண்டாம். ரெகுலர் கஸ்டமர் ஒருத்தர் பாதித் தட்டை வச்சுட்டு, "நேபாளத்துல எப்ப சரியாகும்?"னு கேட்டுட்டுப் போனார்.

இன்னிக்கு நேபாள்கஞ்ச்ல தகரக் கடையிலேர்ந்து அவன் மச்சான் போன்ல கேட்டிருக்கான். மெலிசான 28 கேஜ் வாங்கினா அதே காசுக்கு நாலு ஷீட் கூட வருமாம், கனமான 26 விலை அதிகமாம். எது எடுக்கச் சொல்லட்டும்? கடை சாத்திட்டுத்தான் பார்த்தேன், காலையில எட்டு மணிக்குள்ள சொல்லணும்.

---

மஞ்சக்குப்பம் பழைய சைட் இன்ஜினியர்
நவம்பர் 17, காலை 5.10

26. நாலு ஷீட் குறைஞ்சாலும் பரவாயில்ல. அதைக் கழட்டி நாளைக்கு வீட்டுக் கூரைக்கே போடலாம், 28 ஆணி அடிச்சுக் கழட்டினா ஓட்டை விரிஞ்சு போயிடும். ஆணிக்கு ரப்பர் வாஷர் கேட்டு வாங்கச் சொல்லுங்க, அதை எப்பவும் மறந்துடுவாங்க.